வாத்து பேசின தமிழ்

"நாளையிலேர்ந்து எங்க ஃபிளாட்ஸ் வாசல்ல நீ கூவக் கூடாது" என்றாள் சியாமளா.

கீரைக்கட்டை எடுத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருடமாக ஊரப்பாக்கத்தில் மொபெட்டில் கீரை விற்கிறாள். அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். தூக்கம் கெடுதா என்று கேட்டாள்.

தூக்கம் இல்லை பிரச்சினை. சியாமளாவின் ஐந்து வயது மகள் சஹானா, எதைக் கேட்டாலும் 'இன்னா' என்கிறாளாம். 'வூட்டுக்குப் போலாம்' என்கிறாளாம். கும்பகோணத்திலிருந்து வந்த நாத்தனார், பிள்ளை பேச்சைக் கேட்டு முகம் சுளித்துவிட்டுப் போனாளாம்.

"உன் பேச்சுதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு. கீரை வேண்டாம்னு சொல்லல. வாயைத் திறக்காம குடு."

சின்னப்பொண்ணு தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அதுவும் பிள்ளை காதில் விழுமே.

வீட்டுக்குப் போய்ப் புருஷன் சடையப்பனிடம் சொன்னாள். அந்த வாசலையே விட்டுவிடச் சொன்னான் அவன். அப்படி விட்டுவிட முடியாது, அங்கே இருபது வீடு வாடிக்கை. மறுநாளிலிருந்து கேட் ஓரமாக ஊமை மாதிரி நின்றாள். அவள் வந்தது மூன்றாவது மாடிக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. பாதிக் கீரை வாடித் திரும்பியது.

கட்டு கட்டும்போது 'என்ன', 'வீடு', 'இருக்கு' என்று தனக்குத்தானே சொல்லிப் பழகினாள். நாக்கு மக்கர் பண்ணியது.

பின்தெருவில் ஆபிரகாம் என்று ஒருவர். சென்னையில் கார்ட்டூன் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் ஸ்டுடியோவில் டைரக்டர். அந்தத் தெருவில் மட்டும் அவள் இன்னமும் கூவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் கீரை வாங்கியதோடு நிற்காமல், ஒரு வாத்துக்குப் பேச வருகிறீர்களா என்று கேட்டார். கிண்டல் என்றே முதலில் நினைத்தாள். மூன்று முறை கேட்ட பிறகுதான், சடையப்பனையும் கூட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினாள்.

ஸ்டுடியோவில் ஆபிரகாம் அவளுக்குக் கதையைச் சொன்னார். ஒரு வாத்துக்குத் தன் குரல் பிடிக்காது. குயிலிடம் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டு, தொண்டை கட்டிக்கொண்டு திரும்பும். ஒருநாள் ஏரியெங்கும் பனிமூட்டம். குஞ்சுகள் எல்லாம் வழி தெரியாமல் சிதறிவிடும். குயில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. வாத்து தன் சொந்தக் குரலில் போடுகிற சத்தம்தான் அத்தனை குஞ்சுகளையும் கரை சேர்க்கும்.

"மூணு பேரைப் பேசவெச்சுப் பாத்துட்டேன். யார் பேசினாலும் வாத்தும் குயில் மாதிரியே இருக்கு" என்றார்.

மைக் முன்னால் நின்ற சின்னப்பொண்ணு, பழகி வைத்ததையெல்லாம் திரட்டிப் பேசினாள். "என்ன இது? எல்லோரும் எங்கே போகிறீர்கள்?"

ஆபிரகாம் நிறுத்தச் சொன்னார். யார் இப்படிப் பேசச் சொன்னது என்று கேட்டார்.

"இப்டி பேசினாத்தான் மரியாதைன்னு சொன்னாங்க சார்."

"எனக்கு வேண்டியது உங்க பேச்சும்மா. உங்க புள்ளைங்க தொலைஞ்சு போனா எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படிக் கூப்பிடுங்க."

அவள் திரையைப் பார்த்தாள். பனிக்குள் குஞ்சுகள் தடுமாறின. மைக், கண்ணாடி, அதற்குப் பின்னால் இருந்த ஆட்கள் எல்லாம் மறந்துபோயிற்று.

"டேய், இன்னாடா பேஜாரு இது? அங்க எங்கடா போய்கினு கீறீங்க? இப்டி வாங்கடா, வூடு இங்க கீது."

ரெக்கார்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் மெஷினை நிறுத்த மறந்துவிட்டார். சாயந்திரத்துக்குள் மொத்த வேலையும் முடிந்தது. இத்தனை வயதில், இன்னும் கொஞ்சம் பேசு என்று ஒருவர் கேட்டது அவளுக்கு அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது, ஊரப்பாக்கம் வரை ரயிலில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். சடையப்பன் கேட்டுக்கொண்டு வந்தான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் டிவியில் வந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல் கேட் ஓரமாக நின்றாள். சியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த சஹானா, தூரத்திலேயே கத்தினாள்: "இன்னாம்மா, முளைக்கீரை கீதா?"

சின்னப்பொண்ணு அவசரமாகச் சியாமளாவைப் பார்த்தாள். "நான் ரெண்டு மாசமா இங்க வாயே தொறக்கலம்மா" என்றாள் மெல்ல.

சியாமளா சிரித்தாள். "உன்ன யாரு சொன்னா? டிவில ஒரு வாத்து வருது, அதுகிட்ட கத்துக்கிட்டா. நேத்துலேர்ந்து எங்க வீடே அப்படித்தான் பேசுது. நாத்தனாருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுபடி மறுபடி போட்டுக் கேக்கறாளாம். என்ன உயிரான பேச்சு தெரியுமா?"

சொல்லிவிடலாம் என்று சின்னப்பொண்ணுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்த அம்மா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அதுவும் பெற்ற பிள்ளைக்கு எதிரில். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, நல்ல கட்டாக ஒன்று பொறுக்கி சஹானாவின் கையில் கொடுத்தாள்.

சியாமளாவுக்கு அவளைப் பார்க்க என்னவோ பாவமாக இருந்தது போல. இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"இப்படி ஊமையா நின்னா யாரு வாங்குவா? அந்த வாத்து பேசறத ஒரு தடவை கேட்டுட்டு, நீயும் அது மாதிரி பேசக் கத்துக்கோயேன்."