இரண்டு ஊசி மீட்டர்

“தம்பி, இந்த மீட்டரு புளுகுதே! உங்க மேசைக்கே ஈரம்னு காட்டுது.”

பாலகுரு எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் கருவியை இரும்பு மேசைமேல் வைத்திருந்தார். எண் நாற்பதைத் தாண்டி நின்றது. அடேயப்பா! காந்தி வீதியில் பதினெட்டு வருஷமாக அளவுக் கருவிகள் விற்கிறார். மரவாடிக்காரரும் ரைஸ்மில்காரரும் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாங்கிப் போவார்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்து டெம்போவில் வந்து இறங்கிய செல்வாம்பாள், அறுபதைத் தாண்டியவர், பத்தே நிமிஷத்தில் குறையைப் பிடித்துவிட்டார்.

“இரும்பைக் கண்டா அது ஏமாந்துடும்மா. மரத்து மேல வெச்சா சரியா சொல்லும். நீங்க எதுல பாக்கணும்? கதவுலயா?”

“கேரவன் வண்டியில.”

“சினிமாக்காரங்க வெச்சிருப்பாங்களே, அதுவா?”

“அதுல பாதி அளவு. மினி பஸ்ஸுக்குள்ள கட்டிலு, அடுப்பு எல்லாம் வெச்சுக் கட்டினது. வர்ற புதங்கிழமை கை மாறப்போவுது. அதுக்குள்ள சுவத்துல ஈரம் எறங்கியிருக்குதான்னு எனக்குத் தெரியணும்.”

“பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. நல்ல நாளாத்தான் பாத்திருக்கீங்க.”

“நாளு நல்லாத்தான் இருக்கு. வண்டி நல்லா இருக்கணுமே! மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு அதுல படுத்துக்கிட்டு ஊர் ஊரா போகப்போவுது. அதுக்கு வீசிங். பூஞ்சை வாடை பட்டாலே மூச்சு இழுக்கும். ஈரம் இருந்து அது தெரியாமப் போச்சுன்னா அந்தக் கொழந்தைதான் அவதிப்படும்.”

பேத்திக்காகத்தான் இந்த வயதில் அலைகிறார் என்று பாலகுரு நினைத்துக்கொண்டார். மனசு இளகிவிட்டது. அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார்.

“இது பெரிசு. சும்மா மேல வெச்சாப் போதும், உள்ள முக்கால் இஞ்ச் வரைக்கும் பாத்துடும். இது ரெண்டு ஊசி வெச்சது. மரத்துல குத்திப் பாக்கணும்.”

செல்வாம்பாள் பெரிய மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த வண்டியில வெளிய தகரம். உள்ள பிளைவுட்டு. அதுக்குப் பின்னாலயே இரும்புச் சட்டம், ஒண்ணரை அடிக்கு ஒண்ணு. இது உங்க மேசையைப் பாத்து ஏமாந்த மாதிரி சட்டத்தைப் பாத்தும் ஏமாந்துடும். சரியா?”

பாலகுரு நிமிர்ந்து பார்த்தார். இஞ்சினியர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. வண்டியைப் பார்க்கப் போன இடத்தில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்றுகூட விசாரித்து வந்திருக்கிறாரே!

“சரியா சொன்னீங்கம்மா!”

“அப்போ ஊசி வெச்சதைக் குடுங்க.”

வாங்கிய கையோடு ஜன்னல் சட்டத்தில் குத்தினார். இருபத்தேழு. “உங்க கடையிலயே ஒழுவுது தம்பி. மழை முடியறதுக்குள்ள ஆளைக் கூப்பிடுங்க.”

பாலகுரு வெட்கத்தோடு சிரித்தார். “ஆனா ஒண்ணும்மா. ஊசி குத்துன எடத்துல ஓட்டை விழும். வண்டியை விக்கிறவன் ஒத்துக்க மாட்டான்.”

“ஓட்டை விழுந்தா விழட்டும். அதுக்கு நான் பொறுப்பு.”

என்ன தைரியம்! பாலகுருவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜன்னலுக்குக் கீழ, நாலு மூலை, கூரையில காத்துக்குத் தெறக்குற மூடியைச் சுத்தி, இங்கல்லாம் விடாம குத்துங்க. பதினஞ்சுக்குள்ள இருந்தா கவலையில்ல. இருபதைத் தாண்டினா உள்ள ஈரம்தான். விக்கிறவன் எமகாதகனா இருப்பான்மா. மேல ஒரு கோட்டிங் பெயிண்ட்டை அடிச்சு, ஊதுவத்தி ஏத்தி வெச்சு, கண்ணுல மண்ணைத் தூவிடுவான்.”

“ஆமாமா. பெயிண்ட்டு அடிச்சுத்தான் இருக்கு. ஊதுவத்தியும் உண்டு.”

“பாத்தீங்களா! நான் சொல்லல? அந்த மாதிரி ஆளுங்களுக்கு மனசாட்சியே கெடையாது. நீங்க என்னா பண்ணுங்க, ஈரம் காட்டுற எடத்துல எல்லாம் சாக்பீஸால பெரிசா ஒரு வட்டம் போடுங்க. வட்டத்தைக் காட்டியே வெலையை எறக்குங்க. முழிப்பான் பாருங்க திருட்டு முழி!”

செல்வாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வட்டம் போடுறது நல்ல யோசனை. எனக்குத் தோணலை பாருங்க. சாக்பீஸ் இருக்குதா?”

பாலகுரு ஒரு பெட்டி சாக்பீஸைத் தாமே பைக்குள் போட்டார். மீட்டருக்கு பேட்டரியும் போட்டு, இரண்டு முறை குத்திக் காட்டி, கடை வாசல் வரை வந்தார். இப்படி உஷாரான ஒருத்தர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால் ஊரில் ஒருவரும் ஏமாற மாட்டார்கள் என்று தோன்றியது.

“மெர்சி தம்பி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுச் செல்வாம்பாள் படியிறங்கினார்.

“அம்மா, ஒரு நிமிஷம். அந்த ஆளு எங்க இருக்கான்னு சொல்லுங்க. குத்த விடமாட்டேன்னு தகராறு பண்ணான்னா நானே வந்து ரெண்டு வார்த்தை கேக்குறன்.”

செல்வாம்பாள் திரும்பினார்.

“தகராறெல்லாம் வராதுப்பா. அந்தக் கொழந்தையோட அப்பா அம்மா பாவம், பெயிண்ட்டைப் பாத்தே மயங்கிப் போயி, சொன்ன வெலைக்கே சரின்னுட்டாங்க. புதங்கிழமை மூலக்குளத்துலேர்ந்து அவங்க வர்றதுக்குள்ள நான் எல்லா எடத்துலயும் குத்திப் பாத்து, நீங்க சொன்ன மாதிரியே வட்டம் போட்டு வெச்சிடணும். எங்க வூட்டுக்காரர் இருந்தப்போ ஆசை ஆசையா கட்டின வண்டி. அதை விக்கிறவ நான்தான்.”