இரண்டு நிமிடப் புழக்கம்

ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள அலுவலகத்தின் ஏழாவது மாடியில், பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கென்று ஒதுக்கிய சிறிய அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். கதவோரம் டேப்லெட்டும் கையுமாக நிற்கிறார் அப்துல் காதர். கட்டடத்தின் விளக்கும் ஏசியும் அவர் கணினியின் பேச்சைத்தான் கேட்கும். 'ஆறு மாதமாக நாளுக்கு இரண்டு நிமிடம்தான் புழக்கம்' என்று அவர் கொடுத்த அறிக்கையால் இந்த அறை இன்று ஸ்டோர் ரூமாகிறது. கூரையில், ஆள் இருந்தால் விளக்கைப் போட்டுக் கணக்கும் வைக்கும் சென்சாரின் உளுந்தளவு பச்சை வெளிச்சம் சிமிட்டுகிறது. நீலப் பையோடு வந்த சாருலதா வாசலிலேயே நின்றுவிடுகிறாள். பையின் வாயில் தாய்ப்பால் எடுக்கும் பம்பின் குழாய் தெரிகிறது. "என்ன சார், ரூமை எடுத்துட்டீங்களா?" "யாரும் வர்றதில்லன்னு சென்சார் காட்டுச்சும்மா." "நான் தினம் ரெண்டு வாட்டி வரேனே, அரைமணி நேரம் உக்காருவேனே!" அவருக்குச் சுருக்கென்கிறது. லைட் அணைந்துபோகிறது என்று முன்பு இவள்தான் வந்து சொன்னாள். அசைந்தால்தான் சென்சாருக்கு ஆள் தெரியும் என்று சொல்லி இவர்தான் சிரித்தார். "கையை ஆட்டுங்கன்னு சொன்னேனேம்மா..." "ரெண்டு கையிலயும் பாட்டில் இருக்கும் சார். இருட்டுலயே உக்காந்து பழகிட்டேன்." கோபமே இல்லாமல் சொல்கிறாள். இருவருக்கும் நடுவே ஆட்கள் அவள் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதன் மெத்தையில், ஒருவர் நாள்தோறும் அசையாமல் உட்கார்ந்திருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.