கால் அங்குலச் சரிவு

"மறுபடியும் ஃபெயிலா? அடப்பாவி!" டெல்ஃபினா சிரித்த சிரிப்பில் டோனட் கடையே திரும்பிப் பார்த்தது.

"நீ மட்டும் என்ன கிழிச்சுட்டே? மூணு தடவை கோட்டை விட்டவதானே?" என்றான் ரமிரோ.

கலிஃபோர்னியாவில் பரீட்சை எழுதி மாநில உரிமம் வாங்கினால்தான் ஒரு பிளம்பர் சொந்தமாக வேலை பிடிக்கலாம். அதுவரை அடுத்தவன் கம்பெனியில் குழாய் மாட்ட வேண்டியதுதான். ஃபிரெஸ்னோவின் இந்தக் கடையில் ரமிரோ தனியாகப் படித்துக்கொண்டிருந்தபோது, "நானும் அதே பரீட்சைதான்" என்று எதிரில் வந்து உட்கார்ந்தவள் இவள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சேர்ந்து படிப்பு.

உண்மையில் ரமிரோ அன்று காலை பாஸாகிவிட்டான். சொன்னால் நாளைக்கு இவள் எதற்கு வருவாள்? அந்தப் பயத்தில்தான் வாய் தானாக 'ஃபெயில்' என்று சொல்லிவிட்டது.

"சரி, சொல்லு. சாக்கடைக் குழாய்க்கு ஒரு அடிக்கு எவ்வளவு சரிவு?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "ம்... ரெண்டு அங்குலம்?"

"அது குழாய் இல்லடா, சறுக்கு மரம்! கால் அங்குலம்!" புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள்.

"இவ்வளவு தெரிஞ்சும் எப்படி ஃபெயிலாகறே?"

"ஹாலுக்குள்ள போனா எல்லாம் மறந்துடுது," என்று டோனட்டைக் கடித்தாள். மூக்கு நுனியில் சர்க்கரை ஒட்டிக்கொண்டது.

அந்த மூக்கைப் பார்த்ததும் ரமிரோவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், நிஜமாகவே தோற்றவளிடம் போய்ப் பொய் சொல்வதா?

"டெல்ஃபி, நான் பாஸாயிட்டேன். காலையிலேயே. சொன்னா நீ வரமாட்டியேன்னு..." காது மடல் கொதித்தது.

அவள் டோனட்டைத் தட்டில் போட்டாள். விருட்டென்று எழுந்தாள்.

"வா, என் வண்டிகிட்ட."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனான். வழக்கம்போலக் கடைக்குப் பின்பக்கம் நின்றிருந்தது அவள் வேன். கதவில் பெரிய சூரியகாந்திப் பூ. 'பூ வண்டி' என்று அவன் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான்.

"இனி இது எதுக்கு?" என்று அந்தப் பூ போட்ட காந்த ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தாள்.

அடியில் 'டெல்ஃபினா பிளம்பிங்' என்ற பெயரும் மாநில உரிம எண்ணும், பல வருஷ வெயிலில் வெளுத்துப்போயிருந்தன.