ஈரல் மூச்சு

கல்மண்டபக் கடலோரத்தில் சுப்பராயன் முழங்காலைத் தளர்த்தி, பானையை அணைப்பதுபோல் கைகளை வளைத்து நிற்கிறான். சீனக் கப்பல் சமையல்காரன் கற்றுத்தந்த மூச்சுகள் ஆறு. ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் கெடுதலை வெளியேற்றுமாம். துறைமுகத்தில் கரி சுமந்து தூள் அடைத்த நெஞ்சு இளகுகிறது. ஐந்தோடு நிறுத்துகிறான். “ஈரல் மூச்சையும் வுட்டுடுய்யா, கோவம் போவும்னு அந்தாளு சொன்னானே,” என்கிறாள் மனைவி பூவம்மா. சுப்பராயனின் தம்பியைக் கப்பலின் கரிக்கிடங்கிலிருந்து மேலே ஏறவிடாமல் திணறிச் சாகவிட்ட மேஸ்திரி உச்சிமாகாளி சைக்கிளில் கடக்கிறான். “ஏலே, சீனாக்காரன் கூத்தா?” என்று சிரிக்கிறான். சிரிப்பு இருமலாகிறது. சுப்பராயன் உதட்டை இறுக்குகிறான். “இவன் பாடைய நான் தூக்கணும். அதுக்குத்தான் தெம்பு. கோவம் போய்ட்டா தெம்பு எதுக்குடி?” இருமல் தெருமுனை திரும்பும்வரை கேட்டிருந்துவிட்டு, மறுபடி முதல் மூச்சை நிதானமாக இழுக்கிறான்.