பேசும் தொப்பி

"இன்னிக்கு அம்மா வசமா மாட்டப் போறா, பாரு!"

அக்கா காதுல தம்பி கிசுகிசுத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே குஷி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுல பேச்சு நின்னு போச்சு. 'ம்ம்... ம்ம்'னு முனகுவாரு, முழிப்பாரு, அவ்வளவுதான். அம்மா மட்டும் குனிஞ்சு அவரு மூஞ்சியைப் பார்த்துட்டு, "அப்பா என்ன சொல்றாருன்னா..."ன்னு ஆரம்பிச்சுடுவா.

"கட்டிலை ஜன்னலோரமா போடணுமாம்."

அங்க உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கறது யாரு? அம்மா!

"நாள் பூரா பழைய பாட்டு ஓடணுமாம்."

நல்லா இருந்தப்போ பாட்டுன்னாலே எரிஞ்சு விழுவாரு அப்பா. இப்போ தலையாட்டிக் கேக்கறது யாரு? அம்மாவேதான்!

"அப்பா பேரைச் சொல்லி அம்மா ராஜ்ஜியம் பண்றாடா" — இது அக்கா கண்டுபிடிப்பு.

அதான் மிஷின்காரப் பொண்ணை வரவழைச்சாச்சு. மூளையில நினைக்கறதைப் படிச்சு, அப்படியே வாய்விட்டுச் சொல்ற தொப்பி! விண்வெளிப் படத்துல மட்டும் வந்துட்டு இருந்த சமாச்சாரம், இப்போ வீட்டுக்கே வந்து மாட்டிக் காட்டறாங்க!

"எதுக்குடா இதெல்லாம்? நான்தான் சொல்றேனே..." அம்மா கையைப் பிசைஞ்சா.

"நீ ஏம்மா பயப்படற?" அக்கா தம்பியைப் பார்த்துக் கண்ணடிச்சா.

தம்பிக்கு உள்ளுக்குள்ள இன்னொரு ஆசையும் இருந்தது. ஆபீஸ் வேலையை விட்டுட்டு, நாய்க்கு முடி வெட்டற கடை போட்டிருக்கான். சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சப்போ, "'எம்பையன் தைரியசாலி'ங்கறாருடா அப்பா"ன்னு அம்மா சொன்னாளே, அதை நம்பித்தான் ஷட்டரையே தூக்கினான். அதை அப்பா சொல்லியே ஒரு தடவை கேட்டுடணும்!

"சத்தம் இருக்கக் கூடாதுங்க"ன்னு பாட்டை நிறுத்திட்டு, தொப்பியை மாட்டினா அந்தப் பொண்ணு. பச்சை லைட் எரிஞ்சது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, தேன் ஒழுகற ஒரு பெண் குரல்.

"பாட்டை எவன்டா நிறுத்தினது? போடு."

ரெண்டு பேருக்கும் முகம் தொங்கிப் போச்சு.

"கட்டிலை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளு. ஒண்ணும் தெரியல."

"அப்போ அம்மா சொன்னதெல்லாம் நெசமா?" அக்கா நெளிஞ்சா. "ஸாரிம்மா..."

அம்மா அதைக் காதுலயே வாங்கல. "போதும் போதும், கழட்டிடும்மா. அவருக்குத் தலை வலிக்கும்"னு தொப்பிகிட்ட கையைக் கொண்டு போனா.

"இரும்மா!" தம்பி தடுத்தான். "அப்பா, அக்கா வந்திருக்கா பாருங்க. 'என் ராஜாத்தி வந்துட்டா'ன்னு எப்பவும் சொல்றதா அம்மா சொல்வாளே..."

"இவ சும்மா வர மாட்டா. போனதும் பாத்திரத்தை எண்ணிப் பாரு"ன்னுச்சு தேன் குரல்.

அக்கா கைப்பையை மெல்லப் பின்னாடி மறைச்சா.

தம்பி கட்டில்கிட்ட குனிஞ்சான். "அப்பா... என் கடை?"

"நாய்க்கு முடி வெட்டவா படிக்க வெச்சேன்? தண்டச்சோறு. சீக்கிரமே இழுத்து மூடிட்டு வந்து நிப்பான் பாரு."

"மிஷின்ல ஏதோ கோளாறுடா!" அம்மா பதறினா. "அவரு அப்படியெல்லாம் சொல்றவரா?"

"மிஷின் சரியாத்தான் சொல்லுது"ன்னுச்சு மிஷின்.

அந்தப் பொண்ணுக்கோ பெருமை தாங்கல. "பார்த்தீங்களா சார்? ஒரு வார்த்தை பிசகல! ஆர்டர் போட்டுடலாமா?"

தம்பி அம்மாவையே பார்த்தான். தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி தரையைப் பார்த்துட்டு நின்னா அவ.

அவன் மெதுவா தொப்பியைக் கழட்டி அந்தப் பொண்ணு கையில குடுத்தான்.

"வேணாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

அப்பா அவனை முறைச்சாரு. "ம்ம்... ம்ம்ம்!"

தம்பி திரும்பினான். "அம்மா... அப்பா என்னம்மா சொல்றாரு?"

அம்மா குனிஞ்சு பார்த்தா. மூக்கை உறிஞ்சிக்கிட்டா.

"கடையில கூட்டம் எப்படின்னு கேக்கறாருடா."