சென்சார் மேல் விழுந்த பழி

“சென்சார்ல கோளாறு இல்லைன்னா, கோளாறு உன்கிட்டதான் இருக்கு” என்றார் பெரியவர்.

துணி உலர்த்தும் டிரையரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதற்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த மெக்கானிக் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இந்த வாரம் முழுக்க அவனுக்கு இந்த வீடுதான் கதி.

வியாதி என்னவோ சின்னதுதான். துணியைப் போட்டால் டிரையர் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு, உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது என்று சென்சார் சொல்ல, பாதி ஈரத்திலேயே நின்றுவிடும். முதலில் சென்சாரை மாற்றினான். அப்புறம் மாற்றியதையே மாற்றினான்.

“மாத்த மாத்தக் கரைஞ்சு போகுதே, அது சென்சாரா, சோப்பா?”

“மாமா, சும்மா இருங்க. அவர் பாத்துட்டுதானே இருக்காரு” என்றாள் மருமகள். வெயில் முகம் காட்டி நாளாகிறது. கைக்குழந்தையின் ஈர உடுப்புகள் நாற்காலி முதுகிலும் கதவுக் கைப்பிடியிலும் தொங்கிக்கொண்டிருந்தன.

போகிற போக்கில் மாமனாரின் கம்பளிச் சட்டை முதுகில் அப்பியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். “எங்க போய்ப் புரண்டுட்டு வர்றீங்களோ.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. காலமெல்லாம் கடையில் உட்கார்ந்த மனிதர். எடை போடுகிறவன் கையைப் பார்க்கிற மாதிரி மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் டூல் பையைத் திறந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து தலைமாட்டில் நின்றுவிடுவார். அவன் வேலை பார்க்கும் கடைக்குப் போன் போட்டுப் புகார் சொல்வதும் அவர்தான்.

காலையில்தான் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். “இன்னொரு தடவை அந்தப் பெரியவர் போன் வந்துச்சுன்னா, டூல் பையை இங்க வெச்சிட்டு நீ வேற வேலை பாத்துக்க.”

மெக்கானிக் சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் பொத்தினான். மீட்டரில் எண் இறங்கியது. ஒரு கோப்பை வெந்நீர் வாங்கி அதில் முக்கினான். இன்னும் இறங்கியது. சூடு ஏற ஏற எப்படி இறங்க வேண்டுமோ அப்படி.

“சென்சார் சரியா இருக்குங்க ஐயா.”

“போன தடவையும் இதே பாட்டுதான். புதுசா ஏதாவது பாடு.”

பஞ்சு வடிகட்டியைத் தட்டினான், சுத்தம். சூடான காற்று வெளியேறும் குழாய்க்குள் டார்ச் அடித்தான். மறுமுனை பளிச்சென்று தெரிந்தது. எல்லாவற்றையும் பூட்டி, குழந்தையின் துணிகளைப் போட்டு ஓடவிட்டான்.

மனசு கேட்காமல் பக்கத்துச் சந்துக்கும் போனான். அங்கே கிடந்த முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் குழாய் முடிகிற இடத்தில் கையை நீட்டினான். அனல் காற்று தாராளமாக வந்தது.

“அங்க என்னத்தைத் தேடுற? மிஷின் உள்ள இருக்கு” என்று ஜன்னல் வழியே பெரியவரின் தலை நீண்டது.

டிரையர் நிற்கவே இல்லை. கடைசிவரை ஓடி, மணியடித்து, துணிகளை மொறுமொறுவென்று கொடுத்தது.

“அண்ணே, நீங்க இருந்தா மட்டும் நல்ல பிள்ளையா ஓடுது” என்று சிரித்தாள் மருமகள். “பேசாம இங்கயே தங்கிடுங்களேன்.”

“தங்கினா சோறு யாரு போடுறது?” என்றார் பெரியவர்.

அவள் அடுத்த துணிகளைப் போட்டு ஓடவிட்டாள். மெக்கானிக் டிரையரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கினான். என்ன சரி செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. எதையும் சரி செய்யவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வாசலில் வண்டியில் பையைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். கிளம்பக் கால் வரவில்லை. காது வீட்டுக்குள்ளேயே இருந்தது. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது.

மருமகள் வாசலுக்கு வந்தாள். “நின்னுடுச்சுண்ணே.”

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “நான் கடைக்குப் போன் பண்ண மாட்டேன். ஆனா மாமா விட மாட்டாரு.”

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி மாற்ற என்ன இருக்கிறது? சென்சார் புதுசு, ஒயர் புதுசு, சுவிட்ச் புதுசு. பழசாக மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அதை முதலாளி மாற்றிவிடுவார். வாசல் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“தம்பி, இங்க வா.” பெரியவரின் குரல் பக்கத்துச் சந்திலிருந்து வந்தது.

திட்டு வாங்குகிற முகத்தைத் தயார் செய்துகொண்டு போனான். அவன் தள்ளிவிட்ட முக்காலி பழைய இடத்துக்கே வந்திருந்தது. பெரியவர் அதில் சுவரோடு ஒட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் போன், கடை நம்பரைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

“நியாயத்தை நீயே சொல்லு” என்றார் அவர். “தினமும் இந்தக் குழாய் வாயில முதுகை அழுத்தி வெச்சு, வலி விடுறதுக்குள்ள மிஷின் நின்னுடுது.”