ரெண்டு மணிப் பேச்சு

"மூணு. பத்துக்கு மூணுதான் போடுவேன்" என்றான் தீபக்.

லோகப்பிரியாவுக்குச் சுர்ரென்று வந்தது. "ஏழாம் நம்பருக்கா மூணு? இன்னொருக்கா படிச்சுப் பாரு."

"படிச்சுட்டேனுங்க்கா. மூணுதான்."

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தாங்களே கூடி நடத்தும் மாநாடு அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பீளமேட்டில் ஒரு காலேஜ் ஆடிட்டோரியம். நானூறு பேர் பதிவு செய்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மைக் செட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. பேசுகிறவர்கள் பட்டியலில்தான் ஓர் இடம் பாக்கி. மத்தியானம் ரெண்டு மணிக்கு.

ஆறு மணிக்குள் பெயர் வராவிட்டால் பேனர் அடிக்க முடியாது என்று பிரஸ்காரர் இரண்டு தரம் போன் செய்துவிட்டார்.

பேசுவதற்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் அனுப்பலாம். ஆனால் விண்ணப்பத்தில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். லோகப்பிரியா, ஆசிப், தீபக் மூவரும் யார் எழுதியது என்று தெரியாமல் மார்க் போட வேண்டும். முடிவான பிறகுதான் பெயர்ப் பட்டியலைத் திறப்பார்கள். தலைமை ஏற்று நடத்தும் லோகப்பிரியா போட்ட சட்டம்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

ஏழாம் நம்பர், ஒரு பெரிய டேட்டாபேஸைப் பத்து மடங்கு வேகமாக ஓடவைத்த கதை. படம் போட்டு, பிசிறில்லாத இங்கிலீஷில் எழுதியிருந்தது.

பத்தொன்பதாம் நம்பர், தமிழில் நாலே வரி. 'காரமடைப் பக்கம் பால் சொசைட்டியில வேலை பார்க்கறேன். அங்க நெட் அடிக்கடி போயிருமுங்க. நெட் இல்லாட்டியும் பால் அளவைப் பதியற மாதிரி ஒரு ஆப் செஞ்சு, பதினொரு மாசமா ஓடுது. மேடையில பேசிப் பழக்கம் இல்லீங்க.'

இதற்கு தீபக் போட்டிருந்தது ஒன்பது.

"ஏழாம் நம்பர்ல அப்படி என்ன குறையைக் கண்டுபிடிச்சே?" என்றாள் லோகப்பிரியா.

"பத்து மடங்குங்கறது ஒரே மெஷின்ல ஓட்டிப் பார்த்துச் சொன்னதுங்க்கா. நாலு பேரு பயன்படுத்தற எடத்துல அதுல பாதி வந்தாலே பெருசு."

"ஒரே மெஷின்னு அதுல எங்கே எழுதியிருக்குது?"

தீபக் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "பார்த்தாலே தெரியுதுங்க்கா."

"எனக்குத் தெரியலையே!"

"அக்கா, இந்த மாதிரிப் பேச்சு பெங்களூருல வாரத்துக்கு ஒண்ணு நடக்குது. எழுதுன ஆளுக்கு இங்க இல்லாட்டி இன்னொரு மேடை. பத்தொம்பது அப்படியில்லீங்க. ஒருக்கா வேண்டாம்னு சொல்லிப்போட்டா அதோட சரி. மறுபடி எழுதவே மாட்டாங்க."

லோகப்பிரியா மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

"தீபக்கு, உனக்கு ஊரு காரமடைதானே?"

ஆசிப் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆமாங்க்கா."

"தெரிஞ்ச ஆளா?"

"சத்தியமா யாருன்னே தெரியாதுங்க்கா."

"பேரை மறைச்சு வெச்சதே இந்த ஊர்ப்பாசம் எல்லாம் வரக்கூடாதுன்னுதான். ஆனா நீ ஊரு பேரைப் பார்த்ததுமே ஒம்பது போட்டுட்டே."

தீபக்கின் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் மார்க்கை மாற்றவில்லை.

ஆசிப்தான் பேச்சை மாற்றினான். "லோகாக்கா, அது சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ற நேரம். டேட்டாபேஸ்னா நானே தூங்கிருவேன். பால் சொசைட்டின்னா முழிச்சுட்டு இருப்பேன். என் ஓட்டு பத்தொம்பதுக்கு."

இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

"ஆடிட்டோரியத்துல புரொஜெக்டரைப் பார்த்துட்டு வாரேனுங்க்கா" என்று தீபக் கிளம்பினான். ஆசிப்பும் கூடப் போனான்.

லோகப்பிரியாவுக்கு மனசு ஆறவில்லை. பெயர்ப் பட்டியலைத் திறந்து, பத்தொன்பது என்று மட்டும் தட்டினாள். ரித்திகா என்று வந்தது. உடனே போன் போட்டாள். மறுமுனையில் பால் கேன்கள் உருளும் சத்தம்.

"ஏனுங்க, நெசமாலுமே என்னையத்தான் கூப்பிடறீங்களா?"

"உங்களைத்தான் அம்மணி. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு."

 அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "தமிழ்லயே பேசலாமுங்களா?"

"தாராளமா பேசுங்க. ஒண்ணு கேட்கணும். தீபக்னு ஒருத்தர், உங்க ஊருப் பக்கம்தான். தெரியுமா?"

"இல்லீங்களே. இந்த வேலை பார்க்கற ஆளுக ஒருத்தரையும் எனக்குத் தெரியாதுங்க. போனைப் பார்த்து நானா கத்துக்கிட்டது. அதனாலதான் அந்த நாலு வரியை அனுப்பவே ஆறு நாளு ரோசனை பண்ணுனேன்."

போனை வைத்ததும் லோகப்பிரியாவுக்கு என்னமோ போலிருந்தது. ஒரு பாவமும் அறியாதவனை ஆசிப் முன்னால் வைத்து அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. ஏழாம் நம்பருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்ப வேண்டும். அவ்வளவு அருமையாக எழுதியவருக்கு வழக்கமான இரண்டு வரி போதாது என்று தோன்றியது. 'உங்கள் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த வருஷம் அவசியம் அனுப்புங்கள்' என்று தன் கையாலேயே சேர்த்தாள்.

பிறகு நம்பர் கட்டத்தில் ஏழு என்று தட்டினாள்.

பெயரையும் ஊரையும் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டது: 'தீபக், காரமடை.'